'இமிட்டேஷன்' போய் 'இம்ப்ரூவ்ட்' வந்த கதை

ஒரு தவணைப் பரீட்சை வினாத்தாளில் "பொருத்தமற்ற விடையைத் தெரிவு செய்க" என்பது "பொருத்தமான" என்று அச்சாகிவிட்டது. தட்டச்சு செய்ததும் நாங்கள்தான், ஒப்புநோக்கியதும் நாங்கள்தான். நான்கில் மூன்று விடைகள் சரி. நன்றாகப் படித்த பிள்ளைகள்தான் அதிகம் குழம்பினார்கள்.

"ஒரு சொல்தானே, சேர்" என்று சொல்பவர்களுக்காக விம் என்ற டெக்ஸ்ட் எடிட்டரின் கையேட்டுக் கதையை எழுதுகிறோம். கணினியில் நிரல் எழுதுவோர் பலருக்கு அது பேனா மாதிரி.

1976இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பில் ஜாய் 'விஐ' என்ற எடிட்டரை எழுதினார். பிறகு நெதர்லாந்தின் பிராம் மூலெனார் தனது அமிகா கணினிக்கு அதைப் போன்ற ஒன்றைத் தேடினார். கிடைத்தது ஸ்டீவி என்ற மென்பொருள். அதன் நிரலைத் திருத்தித் திருத்தி 1991இல் விம் என வெளியிட்டார். விரிவு: 'விஐ இமிட்டேஷன்', அதாவது விஐயைப் பார்த்துச் செய்த நகல். 1993இல் அது 'விஐ இம்ப்ரூவ்ட்' ஆயிற்று, மேம்பட்ட விஐ. சுருக்கப் பெயரில் ஓர் எழுத்தும் மாறவில்லை. நகல் என்று தன்னைச் சொல்லிக்கொண்டிருந்தது, மூலத்தைவிட நன்று என்று சொல்லத் தொடங்கியது. ஒரு சொல்லில் நடந்த காரியம் இது.

விம்மின் உதவிப் பக்கங்கள் வெறும் எழுத்துக் கோப்புகள். லைசன்ஸ் இருக்கும் கோப்பின் பெயரே உகண்டா. 1994இல் பிராம் அங்கே கிபாலேயில் ஒரு வருடம் தொண்டராக இருந்தார். மென்பொருளுக்கு அவர் பணம் கேட்கவில்லை, அந்தப் பிள்ளைகளுக்கு உதவுங்கள் என்றுதான் கேட்டார். 2001இல் 6.0 பதிப்போடு முழுப் பயனர் கையேடும் வந்தது. ஸ்டீவ் ஓவலைன் எழுதிய புத்தகத்தின் பகுதிகளும் அதில் சேர்ந்தன. திறந்த உரிமம் என்பதால் யார் கண்ணில் பிழை பட்டாலும் திருத்தி அனுப்பலாம்.

அனுப்புவது இலகு, திருத்துவது அவ்வளவு இலகு அல்ல. இப்பக்கங்களில் நட்சத்திரக் குறிகளுக்கு நடுவே உள்ள சொல் ஒரு முகவரி. நிலைக்கோடுகளுக்கு நடுவே உள்ளது அந்த முகவரிக்குப் போகும் வழி. எழுத்துப்பிழை என்று நினைத்து முகவரியில் கைவைத்தால், வேறு கோப்புகளிலிருந்து அங்கே வரும் வழிகள் எல்லாம் அறுந்துவிடும். வரி 78 எழுத்துகளுக்குள் நிற்க வேண்டும் என்ற வழக்கமும் உண்டு. ஒரு சொல்லைச் சேர்க்கப்போய்ப் பந்தி முழுவதையும் மடித்து எழுத நேரும்.

நிரலில் செய்யும் திருத்தத்துக்கு ஒரு இலக்கம் கிடைக்கும். கையேட்டில் மட்டும் செய்யும் சொல் திருத்தத்துக்குப் பொதுவாக அதுவும் இல்லை. கோப்பின் முதல் வரியில் 'கடைசி மாற்றம்' என்ற திகதி புதுப்பிக்கப்படும், அவ்வளவுதான். திருத்தியவரின் பெயர் வேண்டுமானால் மாற்றப் பதிவேட்டில் தேட வேண்டும். 2023 ஓகஸ்ட் 3ஆம் திகதி பிராம் காலமானார். 2024 ஜனவரியில் வந்த 9.1 பதிப்பு அவருக்குச் சமர்ப்பணம் செய்யப்பட்டது. அந்த முதல் வரித் திகதிகள் இன்றும் மாறிக்கொண்டே இருக்கின்றன.

எங்களுக்கு மிகப் பிடித்தது விம் டியூட்டர். புதியவர்கள் அரை மணி நேரத்தில் அடிப்படையைப் பழகும் பாடம். கொலராடோவில் இருந்த மூவரின் உழைப்பில் பிறந்தது, பிராம் அதை விம்முக்கு ஏற்ப மாற்றினார். பசு நிலாவைத் தாண்டும் வரி ஒன்று அதில் வரும், இடையிடையே எழுத்துகள் தேவையில்லாமல் இரட்டித்திருக்கும். மாணவர் ஒவ்வொன்றாக நீக்க வேண்டும். அடுத்த பாடத்தில் விடுபட்ட எழுத்துகளைச் சேர்க்க வேண்டும். பாடமே பிழைதான். நல்லெண்ணத்தோடு ஒருவர் அந்தப் பசுவைத் திருத்தி அனுப்பினால் பாடம் போய்விடும்! எனவே ஒப்புநோக்குபவர் வரியை மட்டும் பார்த்தால் போதாது, அது யாருக்காக அப்படி நிற்கிறது என்றும் பார்க்க வேண்டும்.

மாணவர் திருத்துவது ஒரு பிரதியைத்தான். டியூட்டர் ஒவ்வொரு முறையும் புதிய பிரதியைத் திறக்கும். பசு அடுத்தவருக்காக அதே பிழைகளோடு காத்திருக்கும்.