மளிகைச் சீட்டும் கைப்பேசிச் செயலியும்

மாதம் பிறந்ததும் ஒரு முழுத்தாளில் துவரம் பருப்பு, உளுந்து, மிளகாய் வற்றல், புளி, கடுகு என்று வரிசையாக எழுதி அண்ணாச்சி கடையில் கொடுத்துவிட்டு வருவது ஒரு முறை. ராத்திரி எட்டு மணிக்குச் சோபாவில் சாய்ந்தபடி கைப்பேசியில் விரலை ஓட்டிப் பரோட்டாவையோ பால் பாக்கெட்டையோ வரவழைப்பது இன்னொரு முறை. தமிழ்நாட்டு நகரங்களில் பல வீடுகளில் இன்று இரண்டும் சேர்ந்தே நடக்கின்றன. முதலாவது சிக்கனம், இரண்டாவது ஊதாரித்தனம் என்று தீர்ப்பு எழுதிவிடுவது சுலபம். வேலை முடிந்து வந்து பிள்ளைகளுக்குச் சோறு போட வேண்டிய தாய் தகப்பனுக்கு அந்தத் தீர்ப்பால் ஒரு பயனும் இல்லை. கையிலிருக்கும் காசு எந்த இடத்தில் நழுவுகிறது என்று பார்க்கத்தான் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறேன்.

முதலில் எந்த வேளையில் வாங்குகிறோம் என்பதைப் பார்க்கலாம். மளிகைச் சீட்டு பெரும்பாலும் சம்பளம் வந்த வாரத்தில், ஒரு விடுமுறை நாளில், மதியச் சாப்பாடு முடிந்த பிறகு எழுதப்படுகிறது. டப்பாக்களைத் திறந்து பார்க்க நேரம் இருக்கிறது. போன மாத ரவையில் வண்டு விழுந்திருந்தால் இந்த மாதம் அரைக்கிலோ போதும் என்று தோன்றுகிறது. வயிறு நிறைந்திருப்பதால் நாக்கு குறுக்கே பேசுவதில்லை. செயலியைத் திறக்கும் வேளை வேறு. ரயிலிலோ பேருந்திலோ நின்றே வந்த கால் வலிக்கிறது; சின்னவன் பசிக்கிறது என்கிறான்; பெரியவளுக்கு நாளைக்கு ஏதோ பரீட்சை. அந்த நிமிடத்தில் வாங்குவதும் அதே அம்மாதான், அதே அப்பாதான். ஞாயிற்றுக்கிழமை மதியம் இவர்களிடம் கேட்டிருந்தால் இந்த ஐந்நூறு ரூபாயைச் செலவழிக்கச் சம்மதித்திருக்க மாட்டார்கள்.

செயலியால் நேரம் மிச்சமாகிறது என்பது பொதுவாகச் சொல்லப்படும் நியாயம். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். கொங்கு நாட்டு வீடுகளில் அரிசிம்பருப்பு சாதம் என்று ஒன்று உண்டு. மூன்று பங்கு அரிசி, ஒரு பங்கு துவரம் பருப்பு, ஒரு கைப்பிடி சின்ன வெங்காயம், நாலைந்து பல் பூண்டு, ஒரு தக்காளி, மஞ்சள்தூள், மிளகாய். தாளித்து, குக்கரில் எல்லாவற்றையும் போட்டு, மூன்று விசில் விட்டு இறக்கினால் தொட்டுக்கொள்ளத் தயிரும் ஊறுகாயும் போதும். வெங்காயம் உரிப்பதிலிருந்து தட்டில் போடுவது வரை அரை மணி நேரம். அதிலும் பாதி நேரம் குக்கர் தன் பாட்டுக்கு வேலை செய்கிறது. உணவகத்திலிருந்து பொட்டலம் வந்து சேரவும் ஏறக்குறைய அவ்வளவு நேரம்தான் ஆகிறது. மழை நாளானால் இன்னும் கூடுதல்.

அப்படியானால் செயலி எதைத்தான் மிச்சப்படுத்துகிறது? பாத்திரம் தேய்ப்பதைக் கொஞ்சம். அதைவிட முக்கியமாக, “இன்னிக்கு என்ன பண்றது?” என்ற கேள்வியை. நாள் முழுக்க ஆயிரம் முடிவுகளை எடுத்துவிட்டு வந்தவருக்கு இந்த ஆயிரத்தோராவது முடிவுதான் மலையாகத் தெரிகிறது, அடுப்பு அல்ல.

பழைய வீடுகளில் இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் இடமே இல்லை. வெள்ளிக்கிழமை சைவம், ஞாயிற்றுக்கிழமை கறி, முந்தின நாள் சாதம் மிஞ்சினால் காலையில் பழையது, மாவு அரைத்தால் முதல் இரண்டு நாள் இட்லி, புளிக்கத் தொடங்கியதும் தோசை, கடைசிக் கரண்டிகள் ஊத்தப்பம். யாரும் உட்கார்ந்து யோசித்ததில்லை. கிழமையும் மாவின் புளிப்புமே முடிவு செய்தன. செயலியோ முடிவெடுக்கத் தெம்பில்லாத ஆளின் முன்னால் நூற்றுக்கணக்கான கடைகளை விரிக்கிறது. களைத்தவருக்கு வேண்டியது குறைவான வழிகள். செயலிக்கு விற்கத் தெரிந்ததோ அதிகமான வழிகள் மட்டுமே. இருபது நிமிடம் விரலை ஓட்டிவிட்டுக் கடைசியில் போன வாரம் வாங்கிய அதே சிக்கன் ஃப்ரைட் ரைஸையே வாங்குகிறோம் என்பதைக் கவனித்திருப்பீர்கள்.

இப்போது விலைக்கு வரலாம். மேலே சொன்ன அரிசிம்பருப்புக்கு நாலு பேருக்கு முந்நூறு கிராம் அரிசி, நூறு கிராம் பருப்பு. எல்லாவற்றையும் கடை விலையில் வாங்கினாலும் எண்ணெய், எரிவாயு உட்பட எழுபது, எண்பது ரூபாய்க்குள் முடியும். ரேஷன் அட்டையைப் பயன்படுத்தும் வீடானால் கணக்கு இன்னும் இறங்கும். தமிழ்நாட்டில் அரிசி அட்டைக்கு அரிசி இலவசம்; 2007 முதல் நடக்கும் சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். அந்த நூறு கிராம் பருப்பின் விலை 3 ரூபாய் ஆகிவிடும். நடுத்தரக் குடும்பங்களில் பலர் அட்டையை முகவரிச் சான்றாக மட்டும் வைத்திருக்கிறார்கள். கடை திறந்திருக்கும் நேரத்தில் அவர்கள் அலுவலகத்தில் இருக்கிறார்கள் என்பதும் உண்மைதான்.

அதே நாலு பேருக்குச் செயலியில் ஒரு சுமாரான கடையின் சாப்பாடு 400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அந்த நானூறே பல கடைகளில் கல்லாவில் நின்று வாங்கும் விலையைவிட அதிகம். செயலி நிறுவனத்துக்குக் கொடுக்க வேண்டிய கமிஷனை உணவகம் விலையில் ஏற்றியிருக்கும். அதற்கு மேல் பேக்கிங், டெலிவரி, ஜிஎஸ்டி, தளக் கட்டணம். இந்தத் தளக் கட்டணத்தின் கதை கவனிக்கத் தக்கது. ஸ்விக்கியும் சொமேட்டோவும் 2023-இல் 2 ரூபாயில் இதைத் தொடங்கின. 2024 தீபாவளிக்குள் அது 10 ரூபாயைத் தொட்டுவிட்டது. ரூபாய் சிறியதுதான், ஆனால் அண்ணாச்சி தம் கடைப் படியேறியதற்காக 10 ரூபாய் கேட்டிருந்தால் மறுநாள் தெருவே வேறு கடைக்குப் போயிருக்கும். மளிகை விற்கும் செயலிகளில் இன்னொரு தந்திரம் உண்டு. இன்னும் 60 ரூபாய்க்கு வாங்கினால் டெலிவரி இலவசம் என்று வரும். 30 ரூபாயை மிச்சப்படுத்த 60 ரூபாய்க்கு சிப்ஸ் வாங்குகிறோம்.

இந்த வியாபாரம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதற்கு ஒரு பெயர் மாற்றமே சாட்சி. குரோஃபர்ஸ் என்ற நிறுவனம் திட்டமிட்டு வாங்குகிறவர்களுக்கு மளிகைச் சாமான் கொண்டுவந்து கொடுக்கும் கடையாக இருந்தது. அதாவது சீட்டு முறையையே கணினிக்குக் கொண்டுபோயிருந்தது. 2021 டிசம்பரில் அது பிளிங்கிட் என்று பெயரை மாற்றிக்கொண்டு உடனடி டெலிவரிக்குத் தாவியது. 2022-இல் அதை சொமேட்டோ வாங்கியது. யோசித்து வாங்குகிறவரைவிட அவசரத்தில் வாங்குகிறவரே நல்ல வாடிக்கையாளர் என்று அவர்கள் முடிவுகட்டினார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது.

இதுவரை சொன்னதில் சீட்டின் கை ஓங்கியிருக்கிறது. ஆனால் இரண்டுக்கும் பொதுவான ஒரு குணத்தைச் சீட்டின் புகழ் பாடுகிறவர்கள் சொல்வதில்லை. இரண்டுமே காசைக் கண்ணில் காட்டாமல் செலவழிக்க வைப்பவை. “அண்ணாச்சி, அம்மா கணக்குல எழுதிக்கச் சொன்னாங்க” என்று கணக்கு நோட்டை நீட்டி வாங்கிய கடலை மிட்டாய்க்கும், ஜிபேயில் நாலு எண்ணை அழுத்தி வாங்கும் ஐஸ்கிரீமுக்கும் இந்த விஷயத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. நோட்டுக்கு ஒரு தடை மட்டும் இருந்தது: எதிரே ஒரு மனிதர் நின்றார். “போன மாசப் பாக்கி இருக்கே, தம்பி” என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் அன்றைக்கு முந்திரிப் பருப்பு வீட்டுக்கு வராது. அவருக்கு நம் சம்பளத் தேதி தெரியும், நம் வீட்டில் எத்தனை தலை என்று தெரியும். செயலிக்கும் நம்மைப் பற்றி எல்லாம் தெரியும். ஆனால் அந்த அறிவை நம்மைத் தடுக்க அது ஒருநாளும் பயன்படுத்துவதில்லை.

அந்தத் தடைக்கும் ஒரு விலை இருந்தது. பாக்கி வைத்தவர் விலை பேச முடியாது. அரிசியில் கல் கிடந்தாலும் வேறு கடைக்குப் போக முடியாது. போனால் பழைய கணக்கை முதலில் தீர்க்க வேண்டும். நாலு பேர் நிற்கும்போது பாக்கியைப் பற்றிக் கேட்கப்படுவது எவ்வளவு கூசும் என்பது அப்படி நின்றவர்களுக்குத் தெரியும். தினக்கூலி வாங்கும் வீடுகளுக்கு மாதச் சீட்டு எட்டாத பொருளாகவே இருந்தது. அவர்கள் ஐம்பது கிராம் பருப்பும் ஒரு சின்ன பாட்டிலில் எண்ணெயும் அன்றன்றைக்கு வாங்கினார்கள். சில்லறையாக வாங்கியதால் கிலோவுக்கு அதிகமே கொடுத்தார்கள். மொத்தமாக வாங்கிச் சிக்கனம் பண்ணுவதற்கே முதலில் கையில் கொஞ்சம் பணம் வேண்டும் என்பதை சிக்கனக் குறிப்பு எழுதுகிறவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

இன்னொன்று இதைவிடப் பெரிது. சீட்டில் எழுதிய மல்லியும் மிளகாயும் தாமாகக் குழம்புப் பொடி ஆகவில்லை. யாரோ அவற்றை மாடியில் காயவைத்து, காக்கை விரட்டி, மில்லுக்குத் தூக்கிப்போய் அரைத்து வந்தார்கள். புளியில் கொட்டை எடுத்தார்கள், அரிசியில் கல் பொறுக்கினார்கள், உளுந்தை ஊறவைத்துத் தோல் நீக்கினார்கள். அந்த யாரோ அநேகமாக எல்லா வீட்டிலும் ஒரு பெண். அவருடைய உழைப்புக்குக் கூலி போட்டிருந்தால் பாட்டி காலத்துச் சிக்கனம் அவ்வளவு மலிவாக இருந்திருக்காது. இன்றும் நிலைமை பெரிதாக மாறவில்லை. 2024-ஆம் ஆண்டு நாட்டளவில் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் 289 நிமிடம் செலவிடுகிறார்கள். அதே வேலையில் ஈடுபடும் ஆண்கள் 88 நிமிடம். எனவே வெளியில் வாங்குவதை நிறுத்தி எல்லாவற்றையும் வீட்டில் செய்யுங்கள் என்று ஒருவர் அறிவுரை சொன்னால், யார் செய்வது என்று உடனே கேட்க வேண்டும். செயலியைத் திறக்கும் அம்மாவைக் குறை சொல்லும் வீடுகளில் பாதி, வெங்காயம் உரிக்க ஆள் இருந்தும் உரிக்காத வீடுகள்.

வெளியில் வாங்கிச் சாப்பிடும் பக்கம் சாயும் இந்தப் போக்கு நாடு முழுக்கத் தெரிகிறது. 2022-23 குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பில் நகரக் குடும்பங்களின் மொத்தச் செலவில் சுமார் 39 சதவீதம் உணவுக்குப் போனது. அதில் அரிசி, கோதுமை போன்ற தானியங்களின் பங்கு மொத்தச் செலவில் 4 சதவீதத்துக்கும் குறைவு. பானங்களும் பதப்படுத்திய உணவும் வெளியில் வாங்கும் சமைத்த உணவும் அடங்கிய பிரிவோ 10 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. அரிசிக் கடையில் கிலோவுக்கு 2 ரூபாய் குறைத்து வாங்க அலைகிறோம். ஓட்டை இருப்பது வேறு இடத்தில்.

சீட்டுக்கும் செயலிக்கும் நடுவே ஒரு பொருள் நிற்கிறது: மாவுப் பாக்கெட். ஒரு கிலோ இட்லி அரிசியும் கால் கிலோ உளுந்தும் அரைத்தால் ஏறக்குறைய மூன்று கிலோ மாவு கிடைக்கும். சாமான் செலவு நூறு ரூபாய்க்குள் அடங்கும். அதே மூன்று கிலோவைத் தெருமுனைக் கடையில் பாக்கெட்டாக வாங்கினால் ஐம்பதிலிருந்து நூறு ரூபாய் வரை கூடுதல். கிரைண்டர் கழுவும் அந்த ஒரு மணி நேரத்துக்கு அது நியாயமான கூலி என்பேன். நாலு பேருக்கான பன்னிரண்டு இட்லியையே செயலியில் வாங்கினாலோ, அரைக்கிலோ மாவின் விலையைப் போல ஆறு ஏழு மடங்கு போய்விடும். மாவை வாங்குவது சிக்கனத்துக்கு விரோதம் இல்லை. இட்லியை வாங்குவதுதான் விரோதம். இதே அளவுகோலை மற்றவற்றுக்கும் வைக்கலாம். உரித்த சின்ன வெங்காயம், துருவிய தேங்காய், அரைத்த குழம்புப் பொடி, கடையில் போட்ட பருப்புப் பொடி எல்லாம் உழைப்பைக் குறைக்கின்றன, சமையலை வீட்டிலேயே வைக்கின்றன. பழைய பெரியவர்கள் இவற்றைப் பார்த்து முகம் சுளிக்கலாம், சுளித்துவிட்டுப் போகட்டும்.

ஆக என் முடிவு இது. வாங்குவதை முடிவு செய்யும் வேலை சீட்டிடம் இருக்கட்டும். தூக்கிக்கொண்டு வரும் வேலையைச் செயலியிடம் விடலாம். வாரம் ஒரு முறை, சாப்பிட்ட பிறகு, எழுதி வைத்த பட்டியலை மட்டும் பார்த்துச் செயலியில் வாங்குவதில் தவறே இல்லை. வங்கி அட்டை எண்ணை அதில் சேமித்து வைக்காமல் இருந்தால் இன்னும் நல்லது. ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கிழமைக்கு ஒன்று என்று குறித்துவிடுங்கள்: திங்கள் அரிசிம்பருப்பு, செவ்வாய் தோசை, புதன் ரசமும் சுட்ட அப்பளமும் என்பதுபோல. பிள்ளைகள் முதல் வாரம் முணுமுணுப்பார்கள். மூன்றாவது வாரம் அவர்களே கிழமையைச் சொல்லிச் சாப்பாட்டைச் சொல்வார்கள். குக்கர் வைக்கிறவர் ஒருவர், பாத்திரம் தேய்க்கிறவர் இன்னொருவர் என்பதையும் அதே தாளில் எழுதிவிடுங்கள்.

வெளிச்சாப்பாட்டையும் ஒழிக்க வேண்டாம். அடுத்த மாதச் சீட்டு எழுதும்போது ரவைக்கும் சேமியாவுக்கும் கீழே “வெளிச்சாப்பாடு – இரண்டு தடவை” என்று ஒரு வரி சேர்த்து, அதற்கான தொகையையும் பக்கத்தில் போடுங்கள். மூன்றாவது தடவை செயலியைத் திறக்கத் தோன்றினால், அலமாரியில் பருப்பு இருக்கிறது.