டிடியர் டெஷாம்ப்ஸ்: தலைவரும் பயிற்சியாளரும்

பிரான்சின் பயோன் நகரில் 1968இல் பிறந்த டிடியர் டெஷாம்ப்ஸ், நான்ட் கழகத்தின் பயிற்சிப் பள்ளியில் வளர்ந்த நடுக்களக் கால்பந்து ஆட்டக்காரர். எதிரணியிடமிருந்து பந்தைப் பறித்து முன்கள வீரர்களிடம் சேர்ப்பதே அவர் பணி. சாம்பியன்ஸ் லீக் கோப்பையை 1993இல் மார்சே அணித்தலைவராகவும், 1996இல் யுவென்டஸ் வீரராகவும் வென்றார். அவர் தலைமையில் பிரான்ஸ் 1998இல் உலகக் கோப்பையையும், 2000இல் ஐரோப்பியக் கோப்பையையும் கைப்பற்றியது.

2001இல் ஓய்வுபெற்றதும் மொனாக்கோவின் பயிற்சியாளரானார். 2004இல் அவ்வணி சாம்பியன்ஸ் லீக் இறுதிப்போட்டியை எட்டியது. இத்தாலிய லீக்கின் இரண்டாம் நிலைக்கு இறக்கப்பட்டிருந்த யுவென்டஸை 2007இல் முதல்நிலைக்கு மீட்டார். 2010இல் மார்சேவுக்கு 18 ஆண்டுகளுக்குப் பின் பிரெஞ்சு லீக் பட்டத்தைப் பெற்றுத் தந்தார்.

2012இல் தேசிய அணியின் பொறுப்பேற்றார். 2018இல் பிரான்ஸ் மீண்டும் உலகக் கோப்பையை வென்றது. அணித்தலைவராகவும் பயிற்சியாளராகவும் அக்கோப்பையை வென்றவர்களில் ஜெர்மனியின் பெக்கன்பாவருக்கு அடுத்தவர் இவரே.