குழந்தைகளின் இணையப் பாதுகாப்பு: திருத்தணி வட்டாரம்

திருவள்ளூர் மாவட்டத்தின் ஆந்திர எல்லையோர முருகன் தலமான திருத்தணி, 1960 வரை சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. தமிழும் தெலுங்கும் புழங்கும் ஊர்.

இம்மாவட்ட மகளிர் நீதிமன்ற வழக்கு ஒன்று நாடு தழுவிய தீர்ப்புக்கு வழிவகுத்தது. கைப்பேசியில் சிறார் பாலியல் காட்சிகளை வைத்திருந்தவர் மீதான வழக்கைச் சென்னை உயர்நீதிமன்றம் 2024 ஜனவரியில் ரத்து செய்தது; செப்டம்பர் 23 அன்று உச்சநீதிமன்றம் வழக்கை மீட்டது. பரப்பும் நோக்கத்தோடு, அழிக்காமலும் புகாரளிக்காமலும் வைத்திருப்பதே, பகிராவிட்டாலும், சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி குற்றம். ஆகவே பிள்ளையின் போனில் இத்தகைய படத்தைக் காணும் பெற்றோர், ஆதாரம் என்று உறவினருக்கு அனுப்பவே கூடாது. உடனே 1930 (இணையக் குற்ற உதவி எண்) அல்லது 1098 (குழந்தைகள் உதவி எண்) எண்ணில் தெரிவிக்க வேண்டும்.

பெற்றோரின் போனையே பிள்ளையும் பயன்படுத்தும் வீடுகளில் யூடியூப் பிள்ளையைப் பெரியவராகவே கருதும். கணக்கு பெற்றோருடையது அல்லவா! பிள்ளையின் பிறந்த ஆண்டோடு தனிக் கணக்கு தொடங்கி, கூகுள் ஃபேமிலி லிங்க்கில் இணைத்தால் செயலிகளுக்கு அனுமதியும் நேர வரம்பும் பெற்றோர் கையில் இருக்கும். வாட்ஸ்அப் உரையாடல்களை அது காட்டாது. அங்கே பிள்ளை தானாக வந்து சொன்னால்தான் உண்டு. போனைப் பிடுங்கிவிடுவார்கள் என்று அஞ்சும் பிள்ளை, இணையத்தில் வரும் மிரட்டலையும் மறைக்கும். கண்காணிப்பு பிள்ளைக்குத் தெரிந்தே நடக்க வேண்டும்.

2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், இத்தகைய செயலிகளும் தளங்களும் 18 வயதுக்குட்பட்டோரின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைக் கட்டாயமாக்க வகைசெய்கிறது.