பண்டார் சன்வே

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில், பெட்டாலிங் ஜெயாவுக்கும் சுபாங் ஜெயாவுக்கும் நடுவே, பழைய ஈயச் சுரங்க நிலத்தின் மேல் எழுந்த நகரியம். பரப்பு ஏறத்தாழ 800 ஏக்கர். ‘சுங்கை வே’ என்ற பழைய இடப்பெயரே குறுகிச் ‘சன்வே’ ஆயிற்று.

கிள்ளான் ஆற்றுச் சமவெளியில் 19ஆம் நூற்றாண்டிலிருந்தே வெள்ளீயம் தோண்டப்பட்டது. கோலாலம்பூரும் அவ்வணிகத்தால் வளர்ந்த ஊர்தான்.

மலேசியாவில் பரவலாக வழங்கிய முறையில், வேகமாகப் பீய்ச்சும் நீரால் குழியின் மண்சுவரைக் கரைத்து, சேற்றைப் பம்பு வைத்து மேலே ஏற்றி, ‘பாலோங்’ எனப்படும் நீண்ட மரச்சாய்வில் ஓடவிடுவர். ஈயத்தாது மணலைவிட இரண்டரை மடங்குக்கும் மேல் கனமானது. ஆகவே அது குறுக்குச் சட்டங்களில் தங்கிவிடும். மணலும் சேறும் வழிந்தோடும். அப்படி வழிந்ததில் எஞ்சிய தாதுவை, இடுப்பளவு நீரில் நின்று ‘டூலாங்’ என்னும் வட்ட மரத்தட்டில் அலசிப் பொறுக்கிய பெண்களையும் இங்கே குறிப்பிட வேண்டும். சீனப் பெண்களே அவர்களில் பெரும்பாலோர். நாட்டின் ஈய வரலாறு அவர்களது முதுகின்மீதும் ஏறி நின்றது.

சுரங்கம் ஓய்ந்த இடங்களில் மேல்மண் இழந்த வெண்மணல், பாரம் தாங்காத சேற்றுப் படிவு, நீர் தேங்கிய ஈயக்குட்டைகள் ஆகியவையே மிஞ்சின. கட்டடம் எழுப்புமுன் மண்ணைப் பலப்படுத்த வேண்டியிருந்தது. மரம் வளர்க்க வேறு மண் கொட்ட வேண்டியிருந்தது.

பேராக்கின் ஈய ஊரான பூசிங்கில் பிறந்த கணக்காளர் ஜெஃப்ரி சியா, 1974இல் இங்குச் சுரங்கத் தொழில் தொடங்கினார். 1985 அக்டோபரில் அனைத்துலக ஈய மன்றம் நிதியின்றி முடங்க, ஈய விலை சரிந்தது. எனவே அவரது நிறுவனம் நகராக்கத்தில் முனைந்தது. சன்வே கல்லூரி 1987இல் தோன்றியது. ‘சன்வே லகூன்’ கேளிக்கைப் பூங்கா திறந்த ஆண்டைச் சில நூல்கள் 1992 என்றும், சில 1993 என்றும் தருகின்றன. அது அமைந்த குழியை ஈயச் சுரங்கம் என்பார் பலர். கல்லுடைப்புக் குழி என்பாரும் உண்டு. இரண்டும் ஒருங்கே உண்மையாக இருக்கலாம். குழியைத் தூர்க்காமல் அதன் ஆழத்துக்குள்ளேயே பூங்காவை இறக்கிவைத்தது இத்திட்டத்தின் மிகச் சிறந்த முடிவு. நிலம் தன் பழைய வடிவத்தை இன்றும் காட்டி நிற்கிறது.

1997இல் வாயிலில் பெரிய சிங்கச் சிலையுடன் ‘சன்வே பிரமிட்’ அங்காடி வளாகமும், 1998இல் மொனாஷ் பல்கலைக்கழகத்தின் மலேசியக் கிளையும், 1999இல் மருத்துவமனையும் வந்தன. பண்டார் சன்வே நாட்டின் முதல் ஒருங்கிணைந்த பசுமை நகரியம் எனச் சொல்லப்படுவதுண்டு. அது அளவுகோலைப் பொறுத்தது.

2015இல் 5.4 கிலோமீட்டர் உயர்மட்டப் பேருந்துத் தடம் திறக்கப்பட்டது. பழைய ஈயக்குட்டையான சவுத் கீ ஏரியின் நீர், அண்மை ஆண்டுகளில் சுத்திகரிக்கப்பட்டு நகரியத்துக்கே வழங்கப்படுகிறது.