சார்பும் நிறுவலும்

கணிப்பொறியின் வரலாற்றை எழுதுவோர் பொறிகளையும் அவற்றைப் படைத்தோரையும் பற்றியே பெரிதும் எழுதுவர். ஒரு மென்பொருளைப் பொறியில் நிறுவுவதற்கு மாந்தர் பட்ட பாடு அவ்வரலாற்றில் சிறிதே இடம்பெறும். ஆயினும் அதுவும் அறியத்தக்கதேயாகும்.

1969ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிச்சி முதலியோர் யூனிக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கத் தொடங்கினர். சிறு நிரல்கள் பல கூடிப் பெருந்தொழிலை முடித்தல் அதன் நெறி. பொதுவான பணிகளை ‘நூலகம்’ எனப்படும் தனிக்கோப்புகளில் வைத்து, நிரல்கள் பலவும் பகிர்ந்துகொள்ளும் வழக்கமும் பின்னர் வேரூன்றியது. இதனால் இடம் மிச்சமாயிற்று. ஓரிடத்துப் பிழையைத் திருத்தின் எல்லா நிரல்களும் பயன்பெற்றன. ஆனால் இந்நன்மையே இடருக்கும் வித்தாயிற்று. ஒரு நிரலை நிறுவ வேண்டின் அது சார்ந்த நூலகம் வேண்டும். அந்நூலகத்துக்கு மற்றொன்று வேண்டும். ஒவ்வொன்றும் உரிய பதிப்பாகவும் இருத்தல் வேண்டும்.

பல்கலைக்கழகங்களில் இச்சார்புகளை நன்கறிந்த வல்லுநர் இருந்தனர். 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை வெளியிட்ட பின்னர், யூனிக்ஸை ஒத்த இயங்குதளம் வீட்டுக் கணிப்பொறிக்கும் வந்தது. அருகில் கேட்பதற்கு ஆளில்லாத புதிய மாணவன் என் செய்வான்? வல்லுநரின் நினைவில் இருந்த அறிவு எழுத்தில் வந்தாலன்றி அவனுக்கு வழியில்லை.

1993இல் இயன் மர்டாக் தொடங்கிய டெபியன் திட்டம் அவ்வழியை வகுத்தவற்றுள் ஒன்று. அதன் மென்பொருட் பொதி ஒவ்வொன்றிலும், அது சார்ந்துள்ள பிற பொதிகளின் பெயர்கள் குறிக்கப்பட்டன. ‘டிபிகேஜி’ என்னும் நிறுவல் நிரல் அக்குறிப்பைப் படித்து, குறை இருப்பின் இன்னது இல்லை என்று அறிவிக்கும். தானே சென்று கொணராது. பயனர் ஒன்றைத் தேடிக் கொணர்ந்தால், அது வேறிரண்டைக் கேட்கும். இத்தொல்லைக்குச் ‘சார்பு நரகம்’ என்றே பெயர் வழங்கலாயிற்று.

1998இல் டெபியன் 2.0 வெளிவந்தபோது இடர் நன்கு விளங்கிற்று. நிரல்கள் அனைத்துக்கும் அடிப்படையான சி மொழி நூலகம் அப்பதிப்பில் ஐந்தாம் நிலையிலிருந்து ஆறாம் நிலைக்கு மாறியது. முறை பிறழ்ந்து புதுப்பித்தால், பயனரின் கட்டளைகளை வாங்கிச் செயற்படுத்தும் நிரலே இயங்காமற் போகக்கூடும். எதனை முன் நிறுவுவது, எதனைப் பின் நிறுவுவது என்னும் வரிசையும் அறிவின் ஒரு கூறு என்பதை அது காட்டிற்று.

1999 மார்ச்சில் வந்த டெபியன் 2.1, ‘ஏப்ட்’ என்னும் கருவியுடன் வெளியாயிற்று. இக்கருவி பொதிப்பட்டியல் முழுவதையும் படிக்கும், வேண்டியவற்றைக் கணக்கிடும், வலையமைப்பின் வழியே கொணர்ந்து, உரிய வரிசையில் நிறுவுவிக்கும். மனிதன் நாட்கணக்கில் தேடியதை ஒரு கட்டளை முடித்தது. 1996இல் 474 பொதிகளாக இருந்த டெபியன், 2023இல் 64,000க்கு மேற்பட்ட பொதிகளாகப் பெருகியதற்கு இவ்வொழுங்கு பெருந்துணையாயிற்று.

எனினும் இடர் முற்றும் நீங்கிவிடவில்லை. ஒரு வெளியீட்டின் பொதிகளோடு வேறொன்றன் பொதிகளைக் கலப்பவர் இன்றும் இடர்ப்படுவர். சார்புக் குறிப்பை எழுதுவோர் மனிதரே. அவருட் பலர் ஊதியம் பெறாத தொண்டர். அவர் குறிப்புத் தவறாயின் கருவியும் தவறும். தேடும் உழைப்பைக் கருவி ஏற்றுக்கொண்டது. மெய்யாக எழுதிவைக்கும் கடமை மட்டும் மனிதரிடமே உள்ளது. அக்கடமையை முகமறியாத் தொண்டர் ஆற்றிவருவதாலேயே, துணையற்ற மாணவனும் இன்று ஒரு கட்டளையால் தன் பொறியை அமைத்துக்கொள்கிறான்.