முன்றிலும் முறைமன்றமும்

'இல்முன்' என்னும் தொடர் முன்பின்னாக மாறி 'முன்றில்' என வழங்குவதை இலக்கண நூலார் இலக்கணப் போலி என்பர். வீட்டுக்கும் வீதிக்கும் இடைப்பட்ட இடத்திற்குத் தமிழ் பழங்காலத்திலேயே தனிச்சொல் ஒன்றை ஆக்கிக்கொண்டது. அவ்விடம் வீட்டைச் சார்ந்ததா, வீதியைச் சார்ந்ததா என்னும் வினாவை நீதிமன்றங்களும் உள்ளாட்சி மன்றங்களும் பல்லாண்டுகள் ஆராய நேர்ந்த நாடு இங்கிலாந்து ஆகும். முன்றிலிலிருந்த செடிகளை அகற்றிக் கல் பாவி மோட்டார் வண்டியை நிறுத்தலாமா என்பதே அங்கு எழுந்த வழக்கு. பார்வைக்குச் சிறியதாகத் தோன்றும் இவ்வழக்கில் சொத்துரிமை, வரலாறு, மழைநீர், சொற்பொருள் ஆகிய நான்கும் பின்னிக் கிடக்கின்றன.

முன்றில் தோன்றிய வரலாறு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தின் நகரங்கள் புகையாலும் நெருக்கத்தாலும் திணறின. அந்நிலையில், நகரின் வசதியும் நாட்டுப்புறத்தின் பசுமையும் ஒருங்கே அமைந்த குடியிருப்பு வேண்டும் என்னும் எண்ணம் வலுப்பெற்றது. 1875இல் மேற்கு லண்டனில் ஜோனதன் கார் தொடங்கிய பெட்ஃபோர்டு பார்க் குடியிருப்பு அதற்கு முன்னோடியாயிற்று. எபனேசர் ஹவர்டு 1898இல் தம் நூலின் வழியாகத் தோட்ட நகரக் கொள்கையை வகுத்தளித்தார். 1903இல் லெட்ச்வொர்த் நகரம் எழுந்தது. 1907இல் ஹென்ரியட்டா பார்னெட் அம்மையார் ஹாம்ப்ஸ்டெட் தோட்டப் புறநகரை நிறுவினார். அதன் அமைப்பைத் திட்டமிட்டவர் ரேமண்ட் அன்வின்.

அம்மையார் வகுத்த நெறிகளுள் இரண்டு இங்குக் குறிக்கத்தக்கவை. ஏக்கருக்குச் சராசரியாக எட்டு வீடுகளுக்கு மேல் கூடாது என்பது ஒன்று. மனைகளைப் பிரிப்பது மதிற்சுவராக இராமல் உயிர்வேலியாக இருத்தல் வேண்டும் என்பது மற்றொன்று. செல்வரும் தொழிலாளரும் ஒரே புறநகரில் வாழவேண்டும் என்பது அவர் விருப்பம். வீதியில் நடப்பவர் எவராயினும் அத்தனை வீட்டுப் பசுமையையும் கண்ணால் துய்க்கலாம் என்னும் கருத்து அந்த உயிர்வேலியில் அடங்கியிருந்தது. உரிமை ஒருவருக்கு, காட்சி ஊருக்கு என்பதே அதன் உட்கிடை.

இரும்பு போயிற்று, சுவர் போயிற்று

வரிசை வீடுகளின் முன்றில்களில் தாழ்ந்த செங்கற் சுவரும் அதன்மேல் இரும்புக் கிராதியும் இருந்தன. இரண்டாம் உலகப்போரின்போது அக்கிராதிகளில் பெரும்பகுதி போர்த் தளவாடங்களுக்கென வெட்டி எடுக்கப்பட்டது. அன்று அறுத்த இரும்பின் அடிக்கட்டைகளை இன்றும் பல சுவர்களின் தலையில் காணலாம். இரும்பு போன இடத்தில் உயிர்வேலி வளர்ந்தது.

பின்னர் வந்தது மோட்டார் வண்டி. 1939இல் பிரிட்டனில் ஏறத்தாழ 20 இலட்சம் கார்களே இருந்தன. நூற்றாண்டு முடிவதற்குள் பெரும்பாலான குடும்பங்கள் கார் வைத்திருந்தன. குதிரை வண்டிக்கும் நடைக்கும் என அமைந்த வீதிகளில் வண்டி நிறுத்த இடமில்லை. போரில் இரும்பை இழந்த முன்றில், இப்பொழுது வண்டிக்காகச் சுவரையும் வேலியையும் மண்ணையும் இழக்கலாயிற்று.

சட்டம் காத்ததும் காவாததும்

டங்கன் சாண்டிஸ் கொண்டுவந்த தனி உறுப்பினர் மசோதா 1967இல் குடிமை வசதிகள் சட்டமாயிற்று. தனிக்கட்டடத்தை மட்டுமன்றி, ஒரு பகுதி முழுவதையும் அதன் இயல்பு கருதிக் காக்கவேண்டும் என்னும் கொள்கை அதன்வழிச் சட்டத்தில் இடம்பெற்றது. அவ்வாண்டிலேயே ஸ்டாம்ஃபோர்டு முதல் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. இன்று இங்கிலாந்தில் மட்டும் ஏறக்குறைய 10,000 பாதுகாப்புப் பகுதிகள் உள்ளன.

இப்பகுதிகளில் வாழ்வோர் பலர், அறிவிப்பு வந்ததனாலேயே முன்றில்கள் காக்கப்பட்டுவிட்டன எனக் கருதினர். அக்கருத்துப் பிழையானது. வீட்டுடைமையாளர் திட்ட அனுமதி பெறாமலே செய்துகொள்ளத்தக்க பணிகளைப் பொது அனுமதி ஆணை வரிசைப்படுத்துகிறது. முன்றிலில் தளமிடுதல் அவற்றுள் ஒன்று. பாதுகாப்புப் பகுதி என்னும் அறிவிப்பு மட்டும் இவ்வுரிமையைப் பறிப்பதில்லை. வீதியோரச் சுவர் ஒரு மீட்டருக்கு மேல் உயர்ந்திருந்தால்தான் அதனை இடிக்க இசைவு வேண்டும். முன்றிற் சுவர்களோ பெரும்பாலும் அதற்குக் குறைந்தவை. ஓரளவு பருத்த மரத்தை வெட்ட ஆறு வாரம் முன்னதாக அறிவிக்கவேண்டும். வீட்டெல்லையில் நிற்கும் உயிர்வேலிக்கு அந்தக் காப்பும் இல்லை. 1997இல் வந்த உயிர்வேலி விதிகளும் வீட்டுத் தோட்ட எல்லையை விலக்கியே வைத்தன. ஆக, பகுதியின் இயல்பைக் காக்கப் பிறந்த சட்டம், அவ்வியல்பைத் தாங்கிநின்ற தாழ்சுவரையும் வேலியையும் காவாது விட்டது.

சொற்பொருள் வழக்குகள்

பாதுகாப்புப் பகுதியின் இயல்பையோ தோற்றத்தையோ 'பேணுதல் அல்லது மேம்படுத்துதல்' விரும்பத்தக்கது என்பதைத் திட்ட அதிகாரிகள் தனிக்கவனத்துடன் கருதவேண்டும் என்கிறது 1990ஆம் ஆண்டுச் சட்டம். பேணுதல் என்றால் என்ன? நன்மை விளைத்தால்தான் பேணுதல் ஆகுமா, தீங்கு செய்யாதிருத்தலே போதுமா? சவுத் லேக்லாண்டு வழக்கில் 1992இல் பிரபுக்கள் சபை விடை கூறியது: இயல்புக்கு ஊறு நேராமல் விட்டாலே அது பேணுதல்தான்.

இவ்விடை நேர்மையானது. ஆயினும் முன்றிலைப் பொறுத்தவரை ஒரு சிக்கல் எஞ்சியது. நூறு முன்றில்கள் உள்ள வீதியில் ஒன்றில் கல் பாவினால் ஊறு மிகச் சிறிது. இரண்டாமவர், முதலாமவரைக் காட்டித் தமக்கும் வேண்டுவார். ஐம்பதாவது முன்றில் வரும்போது, காப்பதற்கு அங்கு இயல்பு ஏதும் எஞ்சியிராது. எந்த ஒருவர் செயலும் வீதியை அழிக்கவில்லை. எனினும் வீதி அழிந்தது.

1997இல் ஷிமிசு வழக்கில் மற்றொரு சொல் ஆராயப்பட்டது. கட்டடத்தின் ஒரு பகுதியை நீக்குவது 'இடித்தல்' ஆகாது, 'மாற்றியமைத்தல்' ஆகும் எனப் பிரபுக்கள் சபை தீர்த்தது. இத்தீர்ப்பால் பாதுகாப்புப் பகுதிகளில் பகுதி இடிப்பின்மீது இருந்த கட்டுப்பாடு தளர்ந்தது. ஒரு வினைச்சொல்லின் பொருளெல்லை, செங்கல்லின் ஆயுளை முடிவுசெய்தது.

நான்காம் விதியும் அதன் விலையும்

உள்ளாட்சி மன்றத்தின் கையில் ஒரு கருவி இருந்தது. பொது அனுமதி ஆணையின் நான்காம் விதிப்படி, குறித்த வீதிகளில் குறித்த உரிமைகளைத் திரும்பப் பெறலாம். அவ்வாறு பெற்றால் கல் பாவுதற்கும் வேலி நீக்குதற்கும் விண்ணப்பம் வேண்டும். 1995ஆம் ஆண்டு ஆணை, பாதுகாப்புப் பகுதிகளில் வீதியை நோக்கிய இத்தகைய பணிகள்மீது அமைச்சரின் ஒப்புதலின்றியே இக்கட்டுப்பாட்டை விதிக்க வழிசெய்தது. ஆனால், அனுமதி மறுக்கப்பட்டவர் இழப்பீடு கோரக்கூடும் என்னும் அச்சம் மன்றங்களைத் தயங்கவைத்தது. 12 மாத முன்னறிவிப்புடன் ஆணையிட்டால் இழப்பீடு இல்லை என்னும் நிலை 2010இல்தான் வந்தது.

ஹாம்ப்ஸ்டெட் தோட்டப் புறநகர் வேறொரு காப்பையும் தேடிக்கொண்டது. 1967ஆம் ஆண்டுக் குத்தகைச் சீர்திருத்தச் சட்டத்தின்படி, 1974இல் அதற்கு ஒரு நிர்வாகத் திட்டம் ஏற்பட்டது. அதனால் அங்கு முன்றிலை மாற்ற விரும்புவோர் உள்ளாட்சி மன்றத்தை மட்டுமன்றி, புறநகர் அறக்கட்டளையின் இசைவையும் நாடவேண்டியவராயினர்.

எதிர்த்தரப்பின் வாதங்களையும் எளிதில் தள்ளிவிட இயலாது. நடக்க இயலாத முதியவருக்கு வாசலில் வண்டி நிற்பது ஆடம்பரம் அன்று. அண்மைக்காலத்தில் மின்வண்டிக்கு வீட்டிலேயே மின்னேற்றம் செய்யும் தேவையும் சேர்ந்துகொண்டது. பழைய வீடு வாழும் வீடாகவும் இருத்தல் வேண்டும் என்பர் இவர்கள். மறுதரப்பினர் விளிம்புக்கல்லைச் சுட்டுவர். முன்றிலுக்குள் வண்டி புக நடைபாதை விளிம்பைத் தாழ்த்தினால், அவ்விடத்தில் வேறு எவரும் வண்டி நிறுத்த இயலாது. ஒருவர் தமக்கென ஓரிடம் பெறும்போது, வீதி பொதுவிடம் ஒன்றை இழக்கிறது. உரிமை எது, கவர்தல் எது என்பதை வரையறுத்தல் அரிது.

மழை தந்த தீர்ப்பு

அழகும் வரலாறும் செய்யமாட்டாததை மழை செய்தது. 2005இல் லண்டன் பேரவையின் சுற்றுச்சூழல் குழு, தலைநகரின் முன்றில்களில் ஏறத்தாழ 32 சதுர கிலோமீட்டர் பரப்பு மூடப்பட்டுவிட்டது எனக் கணித்தது. மண் உறிஞ்சவேண்டிய நீர் சாக்கடைக்குள் விரைந்தது. 2007 கோடை வெள்ளத்தில் 13 பேர் இறந்தனர். ஏறக்குறைய 55,000 வீடுகளிலும் கடைகளிலும் நீர் புகுந்தது. அதனை ஆராய்ந்த சர் மைக்கேல் பிட், நீர் புகாத் தளத்தை முன்றிலில் இடும் தன்னியல்பான உரிமையை நீக்குமாறு 2008இல் பரிந்துரைத்தார். அவ்வாண்டு அக்டோபர் 1 முதல் இங்கிலாந்தில் விதி மாறியது. ஐந்து சதுர மீட்டருக்கு மேற்பட்ட முன்றில் தளம் நீரை உட்புகவிடவேண்டும், அன்றி நீரை மனைக்குள்ளேயே மண்ணில் வடியச் செய்யவேண்டும். இரண்டும் இல்லையெனில் திட்ட அனுமதி தேவை.

இவ்விதி நீரைக் காத்தது, வேலியைக் காக்கவில்லை. முன்றில் முழுவதும் சரளைக்கல் பரப்பினால் நீர் இறங்கும், சட்டமும் இசையும். ஆனால் அங்குப் பூ மலராது, புள்ளும் தங்காது. ஆணையை மீறிக் கல் பாவியவரையும் நான்கு ஆண்டுகள் கடந்துவிட்டால் தொட இயலாது என்றிருந்த விதி, 2024 ஏப்ரல் முதல் இங்கிலாந்தில் பத்தாண்டுகளாக நீண்டது. காலம் நீண்டதேயன்றி, வெட்டிய வேலி உடனே வளர்ந்துவிடப் போவதில்லை.

இவ்வழக்குகள் உணர்த்தும் உண்மை ஒன்று உண்டு. வீதியின் அழகு எவருடைய பட்டாவிலும் எழுதப்பட்டதன்று. அது பலர் தத்தம் எல்லைக்குள் செய்தும் செய்யாமலும் விட்டவற்றின் கூட்டுப்பயன். அதனை எந்தச் சட்டமும் முற்றாகப் படைத்தல் இயலாது. சட்டம் செய்யக்கூடியது, அழிவின் வேகத்தைக் குறைத்து, அண்டை வீட்டார் சிந்திக்கச் சிறிது காலம் பெற்றுத்தருவதே. இல்லையும் முன்னையும் பிரிக்காமல் ஒரே சொல்லாக்கிய மொழியில் எழுதுவோர்க்கு, அவ்விரண்டும் பிரிந்தால் நேரும் இழப்பு எளிதில் விளங்கும்.