லிம், லின், ஹயாஷி... எல்லாம் ஒரே எழுத்துதான்! சீனக் குடும்பப் பெயருக்குள்ள ஒரு தோப்பு

திருச்சியிலிருந்து சென்னைக்கு பஸ்ல போறப்போ, பெரம்பலூரைத் தாண்டினா ரஞ்சன்குடிக் கோட்டை வரும். அந்தச் சுத்துவட்டாரத்துல சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனவங்க யாரையாவது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். நாளைக்கு நீங்களே போகலாம். அங்கே உங்க சூப்பர்வைசர் பேர் 'லிம்'னு ஆரம்பிக்க நிறைய வாய்ப்பு இருக்கு. டான், லிம், லீ மூணும் சிங்கப்பூர்ச் சீனர்கள்கிட்ட ரொம்ப சாதாரணமான குடும்பப் பெயர்கள்.

ரெண்டு மரம், ஒரு தோப்பு

'லிம்' எழுத்துக்கு அர்த்தம், தோப்பு. எழுதுறதும் சுலபம். முதல்ல மரத்துக்கான எழுத்து: படுக்கையா ஒரு கோடு, அதை வெட்டி மேலிருந்து கீழா ஒரு கோடு, சந்திக்கிற இடத்திலிருந்து இடப்பக்கம் ஒண்ணும் வலப்பக்கம் ஒண்ணுமா சரியுற கோடுகள். மொத்தம் நாலு. 3,000 வருஷத்துக்கு முன்னாடி எலும்புலயும் ஆமை ஓட்டுலயும் கீறினப்போ, மேலே கிளை, கீழே வேர்னு இது மரத்தோட படமாவே இருந்துச்சு.

அதே மரத்தைப் பக்கத்துல இன்னொரு தடவை எழுதுங்க. 8 கோட்டுல தோப்பு ரெடி! ஒரே ஒரு விஷயம், இடது மரத்தோட கடைசிக் கோட்டைப் புள்ளி மாதிரி சுருக்கிடணும். இல்லைன்னா ரெண்டு மரமும் முட்டிக்கும். மூணு மரம் போட்டா அது வேற எழுத்து, அடர்ந்த காடு.

காட்டுல பிறந்த பெயர்

இந்தப் பெயருக்கு ஒரு வம்சக் கதை உண்டு. ஷாங் அரசமரபின் கடைசி மன்னனைத் தட்டிக்கேட்டார், அவனோட உறவினர் பீ கான். மன்னன் அவரைக் கொன்னுட்டான். கர்ப்பிணி மனைவி காட்டுக்குத் தப்பி ஓடி, அங்கேயே ஆண் குழந்தை பெத்தாங்க. ஷாங் ஆட்சி வீழ்ந்த பிறகு, புது மன்னர் வூ அந்தப் பையனுக்கு 'லின்'னு பெயர் கொடுத்தாராம்.

எழுத்து ஒண்ணுதான், வாய்தான் மாறுது. மாண்டரின்ல லின், ஹொக்கியன்ல லிம், கான்டனீஸ்ல லாம், கொரியாவில் இம், ஜப்பான்ல ஹயாஷி. ஆனா, 'லாம்'னு இருக்கிறதெல்லாம் இதே எழுத்துன்னு முடிவு பண்ணிடாதீங்க. அதே உச்சரிப்புல வேற குடும்பப் பெயரும் இருக்கு.

எப்படிக் கூப்பிடுறது?

லிம் போ செங். இரண்டாம் உலகப் போர்ல ஜப்பானியர்களை எதிர்த்து, 1944-ல் சிறையில் இறந்த சிங்கப்பூர் வீரர். இதுல 'லிம்' குடும்பம், 'போ செங்' அவர். நம்ம இனிஷியல் மாதிரியே குடும்பம் முன்னாடி, ஆள் பின்னாடி. ஆனா மரியாதையா கூப்பிடுறப்போ, 'மிஸ்டர் லிம்'னுதான் சொல்லணும். 'மிஸ்டர் செங்'னு சொன்னா, பேரைப் பாதியா வெட்டின மாதிரி.

நமக்கும் அங்கே இதே கஷ்டம்தான். படிவத்துல 'சர்நேம்' கட்டத்தைப் பார்த்து முழிச்சு, அப்பா பேரை எழுதுவோம். அப்புறம் நாள் முழுக்க அப்பா பேரைச் சொல்லியே நம்மளைக் கூப்பிடுவாங்க. திரும்பிப் பார்க்கவே ரெண்டு நிமிஷம் ஆகும்! அதனால முதல் நாளே, 'இது அப்பா பேர், இதுதான் என் பேர்'னு சொல்லிடுங்க. கூடவே, 'உங்க லிம், தோப்புதானே?'னு கேட்டுப் பாருங்க.

லீவு நாள்ல எஸ்பிளனேட் பூங்காவுக்குப் போனா, 1954-ல் திறந்த லிம் போ செங் நினைவுச்சின்னத்தைப் பார்க்கலாம். அவர் வாழ்க்கையை நாலு மொழியில் பொறிச்சிருக்காங்க. அதுல ஒண்ணு தமிழ். நின்னு படிச்சுட்டு வாங்க.

மிஸ்டர் லிம் திருப்பி, 'உங்க ஊர்ப் பேருக்கு என்ன அர்த்தம்?'னு கேட்டா? 'குடி'ன்னா குடியிருப்பு, குடும்பம்னு ரெண்டும்தான். தயங்காம சொல்லுங்க!